இறுகிப் போன பிளக்கை அவசரப்படாமல் கழற்றுவோம்

(கூட்டமைப்பின் மாதாந்திரப் பிரதிநிதிகள் கூட்டத்தில் வண்டிப் பராமரிப்புப் பயிற்சிக் குழுவினர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் ஏர் ஃபில்டர் சுத்தம் செய்வது, செயினுக்கு ஆயில் விடுவது பற்றிப் பேசினோம். வீட்டுக்குப் போய் நிறையப் பேர் செய்து பார்த்திருக்கீங்க. சந்தோஷம். அதில் பாதிப்பேர் வந்து சொன்ன ஒரே குறை, "எல்லாம் சரிங்க, பிளக்கைக் கழற்றிப் பார்க்கலாம்னு போனோம், அது அசையவே மாட்டேங்குது" என்பதுதான். அதனால் இன்றைக்கு இந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறோம்.

ஒரு சின்ன பிளக்குக்கு ஒரு கூட்டமா என்று சிலர் நினைக்கலாம். பிளக் சின்னச் சாமான்தான், விலையும் கொஞ்சம்தான். ஆனால் அது உட்கார்ந்திருக்கிற துளை இருக்கிறதே, அது என்ஜின் ஹெட்டில் இருக்கிறது. துளையின் மரை போய்விட்டால் ஹெட்டைக் கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டு போகணும். அதற்கு ஆகும் செலவு ஒரு பக்கம், வண்டி இல்லாமல் நிற்கும் நாட்கள் இன்னொரு பக்கம். அதனால்தான் இவ்வளவு விளக்கமாகப் பேசுகிறோம்.

வண்டியும் நம் பிழைப்பும்

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். அப்போது அங்கே ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்கள் அதற்குப் பெரிய ஆதரவு கொடுத்தார். "பொம்பளை சைக்கிள் ஓட்டுறதா?" என்று கேட்ட ஊரிலேயே பெண்கள் தண்ணீர்க் குடத்தைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் போனார்கள்.

சைக்கிளுக்கு அடுத்து மொபெட் வந்தது. ஓசூரில் செய்த டி.வி.எஸ். 50 வண்டி 1980ல் சந்தைக்கு வந்தது. அதன் வழியில் வந்த எக்ஸ்.எல். வண்டிகளில்தான் இன்றைக்கும் நம் ஊர்ப்பக்கம் பால் கேனும் பூக்கூடையும் மீன் பெட்டியும் தீவனமும் போகிறது. 2018ல் தமிழக அரசு வேலைக்குப் போகும் பெண்களுக்கு இருசக்கர வண்டி வாங்க, விலையில் பாதி அல்லது 25,000 ரூபாய், இதில் எது குறைவோ அதை மானியமாகக் கொடுத்தது. அந்த வகையில் வாங்கியவர்களும் நம்மில் இருக்கிறார்கள். குழுவில் உள்கடன் எடுத்து வாங்கியவர்களும் இருக்கிறார்கள்.

ஓட்டக் கற்றுக்கொண்டோம், வாங்கவும் வாங்கிவிட்டோம். ஸ்பேனரைத் தொடுவதற்கு மட்டும் இன்னும் கூச்சம் இருக்கிறது. "உனக்கெதுக்கு அதெல்லாம், கடைக்குக் கொண்டு போ" என்று வீட்டில் சொல்வார்கள். கடை பக்கத்தில் இருந்தால் சரி. அதிகாலை நாலு மணிக்குப் பூ எடுக்கக் கிளம்புகிறவர், ஆறு மணிக்குள் பால் சொசைட்டியில் நிற்க வேண்டியவர் என்ன செய்வார்?

பிளக் எதனால் இறுகுகிறது?

காரணம் தெரிந்தால் கை தானாக நிதானப்படும். அதனால் முதலில் காரணத்தைப் பார்ப்போம்.

பிளக்கின் உடம்பு எஃகு. அது போய் உட்காரும் ஹெட் அலுமினியம். எஃகு கெட்டியானது, அலுமினியம் மெதுவானது. மரை சுமார் அரை அங்குலத்திலிருந்து முக்கால் அங்குல ஆழம் வரைதான் இருக்கும். இந்த இரண்டு உலோகமும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு, நடுவில் ஈரமும் சேர்ந்து, மாதக்கணக்கில் இருந்தால் அரிப்பு பிடித்துக்கொள்ளும். மழையில் நனையும் வண்டி, தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் வண்டி, மீன் பெட்டியின் உப்புத் தண்ணீர் சொட்டும் வண்டி இவற்றில் இது சீக்கிரம் வரும்.

இரண்டாவது காரணம் கார்பன். பெட்ரோல் எரியும்போது கரி படியும். பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்றும் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் இது அதிகம். பிளக்கின் உள்முனை மரையில் கரி கெட்டிப்பட்டுப் பூட்டுப் போட்ட மாதிரி ஆகிவிடும்.

மூன்றாவது, முன்னால் போட்டவர் செய்த வேலை. "கழன்று விழுந்துடக் கூடாது" என்று பலம் கொண்ட மட்டும் இறுக்கியிருப்பார். அல்லது மரை மாற்றி, கோணலாக ஏற்றியிருப்பார். என்ஜின் கொதிக்கும்போது பிளக்கைப் போட்டு இறுக்கினாலும் இதே கதிதான். சூட்டில் அலுமினியம் விரிந்து துளை பெரிதாக இருக்கும். ஆறியதும் சுருங்கிக் கவ்விக்கொள்ளும். ஒரே அளவு சூட்டுக்கு எஃகு விரிவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு அலுமினியம் விரியும்.

இது நமக்குத் தெரியாத விஷயமில்லை. ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்ட இரண்டு டம்ளரை எப்படிப் பிரிக்கிறோம்? உள் டம்ளரில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றி, வெளி டம்ளரை வெந்நீரில் வைக்கிறோம். வெளியில் இருப்பது விரிந்து, உள்ளே இருப்பது சுருங்கி, தானாக விட்டுவிடும். அடித்துப் பிரித்தால் டம்ளர் நசுங்கும். அதே அறிவுதான் இங்கேயும் வேலை செய்கிறது.

தொடங்குவதற்கு முன்

வண்டியைச் சமமான இடத்தில், நல்ல வெளிச்சத்தில், சென்டர் ஸ்டாண்டு போட்டு நிறுத்துங்க. சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொள்ளுங்க. பெட்ரோல் டேப் இருக்கிற வண்டியாக இருந்தால் அடைத்துவிடுங்க. முந்தானையை இழுத்துச் செருகி, கண்ணாடி வளையலைக் கழற்றி வைத்துவிட்டு உட்காருங்க. பக்கத்தில் அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி எதுவும் இருக்கக் கூடாது. பீடி பிடிப்பவர் வேடிக்கை பார்க்க வந்தால் தள்ளி நிற்கச் சொல்லுங்க. குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம்.

என்ஜின் நன்றாக ஆறியிருக்கணும். ஓட்டிக்கொண்டு வந்த கையோடு கழற்றக் கூடாது. கொதிக்கும் அலுமினியம் இன்னும் மெதுவாக இருக்கும், பிளக்கோடு சேர்ந்து மரையும் உரிந்து வரும். சைலன்சரில் கை பட்டால் தோலும் உரியும்.

தேவையான சாமான்கள்: வண்டியோடு கொடுத்த பிளக் ஸ்பேனரும் அதில் செருகும் கம்பியும், பழைய பல் துலக்கும் பிரஷ், துணி, சைக்கிள் பம்ப், துரு இளக்கும் ஸ்பிரே, ஒரு புது பிளக். பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் பொதுவாக 14 மி.மீ. மரை உள்ள பெரிய பிளக், அதற்கு 21 எண் ஸ்பேனர். புது ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகள் பலவற்றில் 10 மி.மீ. மரை உள்ள சின்ன பிளக், அதற்கு 16 எண் ஸ்பேனர். நம் வண்டிக்கு எது என்று கையேட்டில் பார்த்துக்கொள்வது நல்லது. அளவு பொருந்தாத ஸ்பேனரைப் போட்டால் பிளக்கின் ஆறு முனையும் தேய்ந்துவிடும், அப்புறம் எந்த ஸ்பேனரும் பிடிக்காது.

முதல் முயற்சி

பிளக் கேப்பைக் கழற்றும்போது வயரைப் பிடித்து இழுக்காதீங்க. கேப்பையே பிடித்து, லேசாகத் திருகி, நேராக இழுங்க.

அடுத்து பிளக்கைச் சுற்றியுள்ள மண், தூசி எல்லாவற்றையும் பிரஷால் தட்டி, சைக்கிள் பம்ப்பால் ஊதித் தள்ளுங்க. இதை யாரும் விட்டுவிடாதீங்க. பிளக் வெளியே வந்ததும் அந்தத் துளை வழியாக மணல் உள்ளே விழுந்தால், பிஸ்டன் மேலும் கீழும் ஓடும்போது போர் முழுக்கக் கீறல் விழும்.

ஸ்பேனரைப் பிளக்கின் மேல் முழுசாக இறங்கும்படி நேராக மாட்டுங்க. பாதி இறங்கினால் திருகக் கூடாது. கம்பியைச் செருகி, இரண்டு கையாலும் இரண்டு முனையையும் பிடித்து ஒரே அளவாக அழுத்துங்க. ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் ஸ்பேனர் சாய்ந்து, பிளக்கின் வெள்ளைப் பீங்கான் உடைந்துவிடும்.

பிளக்குக்கு எதிரே முகம் வைத்துப் பார்த்தால், கடிகாரம் சுற்றும் திசைக்கு எதிர்த் திசையில் திருப்பணும். தண்ணீர்ப் பாட்டில் மூடியைத் திறக்கிற அதே திசை. வண்டியின் எந்தப் பக்கம் உட்காருகிறோம் என்பதால் திசை குழம்பும். கழற்றுகிறோம் என்று நினைத்து இன்னும் இறுக்கியவர்கள் உண்டு. அதனால் கையில் ஒரு பாட்டிலை வைத்து ஒருமுறை பார்த்துக்கொள்வதில் வெட்கம் வேண்டாம்.

நிதானமாக, அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்க. வெடுக்கென்று இழுக்க வேண்டாம். பெரும்பாலும் "டக்" என்று ஒரு சத்தத்தோடு இளகிவிடும்.

வரவில்லையா? நிறுத்துங்க

இங்கேதான் பலரும் தப்புப் பண்ணுவது. வரவில்லை என்றதும் ஒரு நீளமான இரும்புப் பைப்பைக் கொண்டு வந்து கம்பியில் மாட்டுவார்கள்.

ஒரு கணக்குப் பார்ப்போம். நாம் குழுவில் வட்டிக் கணக்குப் போடுகிறவர்கள்தானே. சின்ன பிளக்கை முறையாக இறுக்க, ஒரு சாண் நீளக் கைப்பிடியின் நுனியில் சுமார் ஐந்து கிலோ எடைக்கு உண்டான அழுத்தம் போதும். பெரிய பிளக்குக்கு பத்துப் பன்னிரண்டு கிலோ. இப்போது இரண்டடி பைப்பை மாட்டி, அதன் நுனியில் இருபது கிலோ பலத்தோடு இழுத்தால், சின்ன பிளக் தாங்க வேண்டியதைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு அதன் மேல் விழுகிறது. பிளக் கழுத்தோடு முறியும், இல்லையென்றால் ஹெட்டின் மரை பிடுங்கிக்கொண்டு வரும். பைப் நீளமாக இருப்பதால் நமக்குக் கையில் கஷ்டமே தெரியாது. அதுதான் ஆபத்து.

நம் பகுதியில் மீன் விற்கும் உறுப்பினர் ஒருவருக்கு இப்படித்தான் ஆனது. வழியில் வண்டி இடித்து இடித்து நின்றது. உதவிக்கு வந்தவர் நல்ல மனசோடுதான் பைப்பை மாட்டினார். பிளக் பாதியில் முறிந்து, மரைப்பகுதி உள்ளேயே நின்றுவிட்டது. ஹெட் லேத்துக்குப் போய் வர நாலு நாள். அந்த நாலு நாளும் ஆட்டோ வைத்து மீன் எடுத்ததில் லாபம் முழுக்க வாடகைக்கே போனது. அந்த வாரம் குழுவில் தவணை கட்டவில்லை. குழு புரிந்துகொண்டு அபராதம் போடவில்லை. ஆனாலும் அவர் கூட்டத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்ததை நாங்கள் பார்த்தோம்.

அதனால் முதல் முயற்சியில் வரவில்லை என்றால் ஸ்பேனரைக் கீழே வையுங்க. பிளக் ஹெட்டோடு சேரும் இடத்தைச் சுற்றி, துரு இளக்கும் ஸ்பிரேயை அளவாக அடிங்க. ஹார்டுவேர் கடையிலும் வண்டிச் சாமான் கடையிலும் கிடைக்கும். அவசரத்துக்குக் கிடைக்கவில்லை என்றால் நாலைந்து சொட்டு டீசல் விடலாம், ஆனால் ஸ்பிரே அளவுக்கு ஊறாது. டயரிலோ பிரேக் பக்கமோ வழியக் கூடாது. வழிந்தால் உடனே துடைச்சிடுங்க.

பிறகு ஸ்பேனரை மாட்டி, அதன் தலையில் சின்னச் சுத்தியால் "டொக், டொக்" என்று லேசாகப் பத்துத் தட்டு. தேங்காய் உடைக்கும் பலம் வேண்டாம், கதவைத் தட்டும் பலம் போதும். அந்த அதிர்வில் மரைக்குள் எண்ணெய் இறங்கும். ஹெட்டின் மடிப்புத் தகடுகளில் மட்டும் அடிக்காதீங்க, உடைந்துவிடும்.

அப்படியே ராத்திரி முழுக்க விட்டுவிடுங்க. மாவு அரைத்தால் புளிக்க நேரம் கொடுக்கிறோம், எண்ணெய்க்கும் அந்த நேரம் வேண்டும். இடையில் ஒருமுறை எழுந்தால் இன்னும் இரண்டு அடி ஸ்பிரே. பிளக்கைக் கழற்றுவதை வியாபாரத்துக்குப் போகிற காலையில் வைத்துக்கொள்ளாமல், மறுநாள் வேலையில்லாத ஒரு சாயங்காலத்தில் வைத்துக்கொள்ளுங்க. அவசரமில்லாத நாளில் அவசரமில்லாத கை இருக்கும்.

மறுநாள் காலையில்

மேலே உள்ள எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டு, ஸ்பேனரை மாட்டுங்க. முதலில் இறுக்கும் திசையில் மயிரிழை அளவு ஒரு அழுத்து. பிறகு கழற்றும் திசையில் அழுத்துங்க. பிடித்திருக்கும் துரு இந்த இரண்டு பக்க அசைவில் விட்டுக்கொடுக்கும்.

அப்பவும் வரவில்லை என்றால் டம்ளர் வித்தை. எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்து, பிளக் கேப்பை மாட்டி, வண்டியை ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிடம் மட்டும் ஓட விடுங்க. ஹெட் வெதுவெதுப்பாகணும், சுடக் கூடாது. வாசல் திறந்த இடத்தில்தான் ஓட்டணும், புகை ஆபத்து. வண்டியை அணைத்து, சாவியை எடுத்து, கேப்பைக் கழற்றி, கையில் துணி சுற்றிக்கொண்டு மறுபடி அழுத்திப் பாருங்க. வெதுவெதுப்பில் அலுமினியத் துளை கொஞ்சம் விரிந்து இடம் கொடுக்கும்.

இளகியது என்று தெரிந்ததும் சந்தோஷத்தில் கடகடவென்று சுற்றிக் கழற்றிவிடாதீங்க. கால் சுற்று வெளியே, அதில் பாதி உள்ளே. இன்னும் கொஞ்சம் எண்ணெய். மறுபடி கால் சுற்று வெளியே, பாதி உள்ளே. மரையில் இருக்கும் கரித்துகள் பொடியாகி வரணும். ஒரேயடியாகத் திருப்பினால் அந்தத் துகளே அலுமினிய மரையை உழுதுகொண்டு வரும். "கிறீச்" என்று சத்தம் கேட்டாலோ, திரும்பத் திரும்ப இறுக்கம் கூடினாலோ, அது எண்ணெய் கேட்கிறது என்று அர்த்தம். உள்ளே திருப்பி, எண்ணெய் விட்டு, ஐந்து நிமிடம் பொறுங்க. கடைசி இரண்டு சுற்றுக்கு முன்னால் மறுபடி ஒருமுறை பம்ப்பால் ஊதி, அப்புறம் கையால் கழற்றி எடுங்க.

எந்த இடத்தில் கையை எடுக்கணும்?

எல்லாவற்றையும் நாமே செய்து முடித்தாக வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. கீழே சொல்லும் நாலில் ஒன்று தெரிந்தாலும் நிறுத்திவிடுங்க.

1. பிளக்கின் ஆறு முனையும் தேய்ந்து, ஸ்பேனர் வழுக்குகிறது.
2. வெள்ளைப் பீங்கான் உடைந்துவிட்டது.
3. திருப்பும்போது ரப்பரை முறுக்குவது போல இழுபடுகிறது, ஆனால் கழலவில்லை. உள்ளே உலோகம் முறுக்கிக்கொண்டிருக்கிறது, அடுத்தது முறியும்.
4. இரண்டு ராத்திரி ஊறியும் மயிரிழைகூட அசையவில்லை.

இந்த நிலையில் வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டு போங்க. பீங்கான் உடைந்திருந்தால் ஸ்டார்ட் செய்யாமல் தள்ளிக்கொண்டோ ஏற்றிக்கொண்டோ போங்க. "ராத்திரி முழுக்க எண்ணெய் ஊற வைத்தோம், லேசாகச் சூடாக்கியும் பார்த்தோம், அசையவில்லை, பைப் போடவில்லை" என்று நடந்ததைச் சொல்லுங்க. அவருக்கு வேலை பாதி மிச்சம். மரை போயிருந்தால்கூட ஹெட்டை மாற்றியே ஆகணும் என்பதில்லை. துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி உள்ளே கம்பிச்சுருள் மரை வைக்கலாம், லேத்தில் புஷ் அடித்து மரை போடலாம். "இதைச் செய்ய முடியுமா, எவ்வளவு ஆகும்" என்று கேட்டுவிட்டு அப்புறம் ஒப்புக்கொள்ளுங்க. வாரண்டி முடியாத புது வண்டியாக இருந்தால் நாம் தொடாமல் சர்வீஸ் சென்டருக்கே கொண்டு போவதுதான் லாபம்.

கழன்ற பிளக் சொல்லும் சேதி

டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பது போல, பிளக்கின் முனையைப் பாருங்க. காபித்தூள் மாதிரி வெளிர் பழுப்பாக இருந்தால் என்ஜின் நலம். காய்ந்த கறுப்புக் கரியாக இருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. பிசுபிசுவென்று எண்ணெயோடு கறுப்பாக இருந்தால் ஆயில் எரிகிறது. டூ ஸ்ட்ரோக் வண்டியில் ஆயில் அளவு கூடிவிட்டதா என்று பாருங்க, ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் மெக்கானிக்கிடம் காட்டணும். வெள்ளை வெளேரென்று வெந்து போயிருந்தால் என்ஜின் மிதமிஞ்சிச் சூடாகிறது, அதையும் காட்டிவிடுங்க.

இவ்வளவு பாடுபட்டுக் கழற்றிய பிளக்கைத் திரும்பப் போட வேண்டாம். அதன் மரை எப்படியும் நைந்திருக்கும். புதுசு போடுவதுதான் நல்லது. பழைய பிளக்கின் வாஷர் துளையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், அதை எடுத்துவிட்டீங்களா என்று பாருங்க.

திரும்பப் போடும்போது

அடுத்த தடவை இறுகாமல் இருப்பது இப்போது நாம் போடும் விதத்தில்தான் இருக்கிறது.

ஹெட் முழுசாக ஆறட்டும். துளையின் வாயைத் துணியால் துடைங்க. பழைய பெட்ரோல் டியூப் ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி வைத்துக்கொள்ளுங்க. அதன் ஒரு முனையைப் புது பிளக்கின் தலையில் செருகி, டியூபைப் பிடித்துத் துளையில் வைத்துத் திருகுங்க. நேராக ஏறினால் சுலபமாகச் சுற்றும். மரை மாறினால் பிளக் சுற்றாது, டியூப் வழுக்கும். மரையைக் கெடுக்கும் பலம் டியூபுக்கு இல்லை. இதைவிட நல்ல காவல் கிடையாது.

கை முறுக்கில் பிளக் தட்டி நின்றதும் ஸ்பேனர் போடுங்க. புது பிளக் என்றால் அதன் வாஷர் நசுங்கி உட்கார ஏறக்குறைய அரைச் சுற்று. ஏற்கனவே போட்டு எடுத்த பிளக் என்றால் கடிகார முள் 12லிருந்து 1க்குப் போகும் அளவு, மிஞ்சினால் எட்டில் ஒரு சுற்று. அவ்வளவுதான். கையேட்டில் வேறு அளவு போட்டிருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்க. மரையில் கிரீஸ் தடவ வேண்டாம், சூட்டில் அதுவும் கரியாகும்.

நீங்கள் கேட்ட கேள்விகள்

தேங்காய் எண்ணெய் விடலாமா? வேண்டாம். சமையல் எண்ணெய் கெட்டி, மரைக்குள் சரியாக இறங்காது. சூட்டில் பிசின் மாதிரி ஆகி இன்னும் ஒட்டும்.

பெட்ரோல் ஊற்றினால் சீக்கிரம் இளகுமா? கூடவே கூடாது. காற்றில் பரவித் தீப்பிடிக்கும், எண்ணெய் போல வழுக்கும் குணமும் அதற்கு இல்லை.

சூடான என்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றலாமா? கூடாது. ஒரு பக்கம் மட்டும் சட்டென்று குளிர்ந்தால் ஹெட் விரிசல் விடும். தானாக ஆறட்டும்.

இப்போது வரும் வண்டிகளிலும் இதே முறையா? 2020 ஏப்ரலுக்குப் பிறகு விற்கும் வண்டிகள் பி.எஸ். 6 விதிப்படி வந்தவை, பெரும்பாலும் கார்புரேட்டர் கிடையாது. பிளக் கழற்றும் முறை ஒன்றுதான். பக்கத்தில் இருக்கும் சென்சார் வயர்களை மட்டும் இழுத்துவிடாதீங்க.

எத்தனை நாளுக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்கணும்? கையேட்டில் கிலோமீட்டர் கணக்குப் போட்டிருக்கும். அந்தக் கணக்கில் கழற்றிப் பூட்டினாலே பிளக் இறுகாது. வருஷக்கணக்கில் தொடாமல் விட்ட பிளக்தான் அடம் பிடிக்கும்.

குழுவாக என்ன செய்யலாம்?

ஒவ்வொரு வீட்டிலும் எல்லாச் சாமானும் வாங்க வேண்டியதில்லை. வண்டி வைத்திருக்கும் உறுப்பினர்கள் உள்ள குழு, பொதுவில் ஒரு பை வாங்கி வைக்கலாம்: இரண்டு அளவு பிளக் ஸ்பேனர், ஒரு துரு இளக்கும் ஸ்பிரே, பிரஷ், சின்னச் சுத்தி, ஒரு முழம் பெட்ரோல் டியூப். யார் எடுத்தது, எப்போது திருப்பிக் கொடுத்தது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்க. முதல் தடவை கழற்றுகிறவர் தனியாகச் செய்ய வேண்டாம், பக்கத்தில் ஏற்கனவே கழற்றிய ஒரு உறுப்பினர் இருக்கட்டும். எங்கள் பயிற்சிக் குழுவைக் கூப்பிட்டாலும் வருவோம்.

இன்று கூட்டம் முடிந்ததும் கூட்டமைப்பு அலுவலக வாசலில் நிற்கும் பழைய எக்ஸ்.எல். வண்டியில் கழற்றிக் காட்டப் போகிறோம். நேற்று சாயங்காலமே ஸ்பிரே அடித்து ஊற வைத்திருக்கிறோம். டீ குடித்துவிட்டு எல்லோரும் அங்கே வாங்க. பார்ப்பதோடு நிற்காமல், ஒவ்வொருவரும் ஒருமுறையாவது ஸ்பேனரைப் பிடித்து, எவ்வளவு அழுத்தம் போதும் என்று கையில் வாங்கிக்கொண்டு போங்க. அடுத்த கூட்டத்தில் பிரேக் கேபிள் சரி செய்வது பற்றிப் பேசுவோம்.